குழல் கற்க யாருக்கு உரிமை?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குப் பிரெஞ்சுப் புரட்சியை நடத்திக்கொண்டிருந்தேன். பாஸ்டில் சிறை தகர்ந்த கட்டம் வந்தால் மாணவர் கண்களில் ஒளி ஏறும். என் குரலும் சற்று உயரும். அந்த உற்சாகத்திலே பாடத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டேன். "அந்தப் புரட்சி பெற்றெடுத்த பள்ளிகளில் ஒன்று பாரிசில் இன்றும் நடக்கிறது. அங்கே புல்லாங்குழல் கற்று முதுகலைப் பட்டம் பெறலாம்" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. குழல் ஊதுவதற்கு ஒரு எம்.ஏ.வா!

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, நாதசுரம் கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டேன். அதெல்லாம் இரத்தத்தில் ஊறி வரவேண்டியது, நமக்கு வராது என்று தாத்தா சொல்லிவிட்டார். அங்கே மட்டும் பள்ளிக்கூடத்தில் எப்படி வருகிறது?"

விடை சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை; வீடு வரை கூடவே வந்தது. அந்த முதியவரை நான் குறைகூற மாட்டேன். காலங்காலமாக அவர் காதில் விழுந்ததைத்தானே அவர் திருப்பிச் சொன்னார்! அவர் மட்டுமா சொன்னார்? ஐரோப்பாவே அப்படித்தான் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய பிரான்சில் துளைக்கருவி பயில விரும்பியவனுக்கு மூன்று வாயில்கள் இருந்தன: அரண்மனை, தொழிற்சங்கம், மாதா கோயில்.

அரண்மனை வாயில் வேடிக்கையானது. மன்னனுடைய குழல் வாசிப்போர் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்று எண்ணுகிறீர்கள்? குதிரை லாயத்தைச் சேர்ந்தவர்! ஊர்வலத்திலும் விழாவிலும் திறந்தவெளியில் முழங்கவேண்டியவர்களாதலால், பெரிய லாயத்தின் கணக்கில் அவர்களுக்குச் சம்பளம். பதினான்காம் லூயி கொலுவீற்றிருந்த நாளில் (1643–1715) அந்த லாயத்தில் பன்னிருவர் கொண்ட ஓபோக் குழு ஒன்று இருந்தது. ஓபோ நம் நாதசுரத்துக்குத் தூரத்து உறவு. இங்கே சீவாளி இருப்பதுபோல அங்கும் இரண்டு நாணல் தகடுகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்பும். அந்தப் பன்னிருவர் பதவி வெறும் வேலையன்று. வீடு வாசல் போன்ற சொத்து. விலைக்கு வாங்கலாம், விற்கலாம். தந்தை உயிரோடிருக்கும்போதே மகனுக்கு உரிமையாக்கிவைக்க மன்னன் இசைவு தருவான். பிலிடோர் குடும்பம், ஓத்தெத்தேர் குடும்பம் என்று இரண்டொரு வீட்டார் தலைமுறை தலைமுறையாக அங்கே அமர்ந்திருந்தது இப்படித்தான்.

அவர்களெல்லாம் திறமையற்றவரா? அல்லர், அல்லர்! ஓத்தெத்தேர் வீட்டார் நார்மண்டியில் லா கூத்தூர் என்னும் சிற்றூரிலிருந்து வந்த கடைசல் தொழிலாளர். பதினேழாம் நூற்றாண்டில் புல்லாங்குழலும் ஓபோவும் புது வடிவம் பெற்றதில் அவர்கள் கைக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் குடும்பத்து ழாக் என்பார் 1707ஆம் ஆண்டிலேயே புல்லாங்குழல் பயிற்சிக்கு ஒரு நூல் எழுதி அச்சிட்டார். திறமை இருந்தது, ஐயமில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? அந்த வீட்டுக் குழந்தை தொட்டிலில் கேட்டது குழலோசை. தவழ்ந்துபோய் எடுத்தது கடைசல் பட்டறையின் மரச்சீவல். பத்து வயதுக்குள் பத்தாயிரம் முறை தந்தையின் விரலசைவைக் கண்டிருக்கும். இத்தனையும் வெளியே தெரிந்திருந்தும், உலகம் "இரத்தம்" என்று பெயர்சூட்டி வேலையை முடித்துக்கொண்டது!

சங்கத்தின் கதை சுருக்கம். பாரிசின் இசைவாணர் 1321ஆம் ஆண்டில் தமக்கென்று ஒரு சங்கம் கண்டனர். அதன் தலைவனுக்கு 'அரசன்' என்றே பட்டம். சங்கத்துக்குப் பணம் கட்டாதவன் நகரில் தொழில் செய்தால் வழக்கு. அந்த 'அரசன்' பதவி 1773 வரை உயிரோடிருந்தது. மாதா கோயில்களிலோ பாடற் சிறுவர்க்குப் பள்ளிகள் இருந்தன, நல்ல பயிற்சிதான். ஆனால் வழிபாட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு, பையன்களுக்கு மட்டும்.

ஆகவே ஒரு தச்சன் மகனுக்குக் குழலின்மேல் ஆசை பிறந்தால்? படையில் சேர்ந்து, அங்கே வாத்தியக் குழுவில் இடங்கிடைத்தால் உண்டு. சலவைக்காரி மகளுக்கு அந்த வழியும் இல்லை.

1789 சூலை வந்தது. பாஸ்டில் வீழ்ந்த அதே மாதத்தில், பெர்னார் சாரெத் என்னும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இளைஞர், கலைந்துபோன பிரெஞ்சுக் காவற்படையைச் சேர்ந்த 45 வாத்தியக்காரரைத் திரட்டித் தேசியக் காவற்படைக்கென்று ஒரு குழு அமைத்தார். முதலில் அவர்களுக்கான செலவைத் தாமே தாங்கினாராம். இதில் சுவையான செய்தி என்னவென்றால், சாரெத் இசைவாணரே அல்லர்! எந்தக் கருவியிலும் பெயர் வாங்கியவரல்லர். இசை தெரிந்தவராக கோசெக் என்னும் முதிய இசையமைப்பாளர் துணை நின்றார். பரம்பரை பரம்பரையாக வாசித்தவர்களுக்குத் தோன்றாத எண்ணம் வாசிக்கத் தெரியாத ஒருவருக்குத் தோன்றியது: இதற்கு ஒரு பள்ளி வேண்டும், கட்டணமில்லாப் பள்ளி வேண்டும்.

1792 சூனில் பாரிஸ் நகராட்சி அந்தப் பள்ளிக்கு இசைந்தது. காவற்படையினர் பிள்ளைகள் 120 பேர். வயது பத்து முதல் இருபது வரை. 1793 நவம்பரில் தேசியப் பேரவை அதை நாட்டின் இசை நிலையமாக்க ஒப்புக்கொண்டது. 1794இல் சாரெத் சிறைப்பட்டார்! காரணம் கேட்டால் நகைப்பீர்கள். மாணவன் ஒருவன் கொம்புக்கருவியில் பயிற்சி செய்கையில், அரசனைப் போற்றும் பழைய பாட்டின் மெட்டை வாசித்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு என்று சொல்வர். புரட்சிக்கும் சில வேளை காது அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. விழா நெருங்கியது, வாத்தியம் வேண்டும், விடுதலை செய்தார்கள்.

1795 ஆகத்து 3ஆம் நாள் சட்டம் பிறந்தது. பெயர்: கன்சர்வேட்டரி. இத்தாலியில் நேப்பிள்சு நகரத்து ஆதரவற்ற பிள்ளைகளைக் காத்து இசை கற்பித்த இல்லங்களின் பெயர் அது. 'காப்பகம்' என்பதே பொருள். நாடெங்குமுள்ள மாவட்டங்களிலிருந்து விகிதப்படி 600 மாணவர். ஆண் பெண் இருபாலரும். கற்பிக்க 115 பேர். அந்த 115 பேரைக் கருவிவாரியாகப் பிரித்த பட்டியலைப் பார்த்தபோது என் விழிகள் விரிந்தன. வயலினுக்கு ஆசிரியர் 8 பேர். புல்லாங்குழலுக்கு 6, ஓபோவுக்கு 4, தடித்த குரலுடைய பாசூன் குழலுக்கு 12. கிளாரினெட்டுக்கோ 19 பேர்! மரத் துளைக்கருவிகளுக்கு மட்டும் 41 ஆசிரியர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கிளாரினெட்டை நம்மவர்க்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதில் கருநாடக இசை பொழிந்த திருச்சி ஏ.கே.சி. நடராசனுக்கு 2022இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. சீவாளி போல இரட்டையின்றி, ஒற்றை நாணல் தகடு அதிரும் கருவி அது. ஏன் அதற்கு இத்தனை ஆசிரியர்? எண்ணிப் பாருங்கள். அரசன் இசை கேட்பது மண்டபத்தில். நாற்பது பேர் அமர்ந்த அறைக்கு வயலின் போதும். 1790 சூலை 14இல் மார்ஸ் திடலில் மக்கள் இலட்சக்கணக்கில் கூடினார்களே, அங்கே வயலினை யார் கேட்பது? நரம்பின் மெல்லொலி முதல் வரிசையிலேயே கரைந்துபோகும். திறந்தவெளியில் பண்ணைத் தாங்கி நடத்தக் காற்றுக்கருவி வேண்டும். அதிலும் வயலின் செய்யும் வேலையைக் கிளாரினெட் செய்யும். நாட்டுக்குப் பதினான்கு படைகள் இருந்தன. அவற்றுக்கும் வாத்தியக்காரர் வேண்டும். கேட்பவர் யார் என்பது மாறியது. கற்பிக்கும் கருவியும் மாறியது. இந்த நூற்றுப்பதினைந்தின் கணக்கைவிடப் புரட்சியின் இயல்பை எனக்கு உணர்த்திய பக்கம் வேறில்லை.

அடுத்து அவர்கள் செய்த வேலை, என்னைப் போன்ற ஆசிரியர் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. பத்தொன்பது ஆசிரியரும் பத்தொன்பது விதமாகக் கற்பித்தால் பள்ளி எதற்கு? பேராசிரியர் கூடி வாதிட்டு, கருவிதோறும் ஒரு பொது முறைநூல் எழுதுவதென்று தீர்மானித்தனர். 1802இல் லெஃபேவ்ர் எழுதிய கிளாரினெட் நூல். 1803இல் ஓசி எழுதிய பாசூன் நூல். 1804இல் ஊகோவும் வுண்டர்லிக்கும் ஆக்கிய புல்லாங்குழல் நூல். மூச்சை எப்படி இழுப்பது, உதட்டை எப்படி வைப்பது, எந்த விரல் எந்தத் துளையில், எந்தப் பயிற்சிக்குப் பின் எந்தப் பயிற்சி என்று வரிசையாக அச்சில் வந்தது. தந்தை மகனுக்கு மட்டும் காதோடு சொன்னது இனிக் கடையில் விற்கும்! எந்த ஊரிலிருந்தும் எவன் வேண்டுமானாலும் வாங்கலாம். நூல் மட்டும் இருந்தால் குழல் வந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆசிரியன் காது அருகே இருக்கத்தான் வேண்டும். ஆனால் 'மறைபொருள்' என்று சொல்லி மிரட்டுவது அன்றோடு முடிந்தது.

புரட்சியின் பிள்ளைக்குப் புரட்சி அடங்கிய பின் சோதனை வராதா? 1802இல் நெப்போலியன் ஆட்சியில் ஆசிரியர் தொகையும் மாணவர் தொகையும் பெருமளவு குறைக்கப்பட்டன. பழைய அரச குடும்பம் திரும்பியதும், 1814 திசம்பரில் சாரெத் பதவியிழந்தார். இடையில் சில நாள் மீண்டார், மறுபடி வெளியே. 1816இல் 'அரச இசைப்பள்ளி' என்று பெயர்ப்பலகை மாறியது. சாரெத் 1858 வரை வாழ்ந்தார். தாம் பெற்ற பிள்ளையைத் தெருவோரத்திலிருந்து பார்த்தபடியே.

இங்கே நிறுத்தினால் என் கட்டுரை கொடிபிடித்த கதையாகிவிடும். வாயிலைத் திறந்தவர்களே பிறகு புதுத் தாழ்ப்பாள் பூட்டியதையும் சொல்லத்தானே வேண்டும்?

1823இல் பன்னிரண்டு வயது நிரம்பிய ஒரு பையனை அழைத்துக்கொண்டு ஒரு தந்தை இக்கல்லூரிக்கு வந்தார். "அயல்நாட்டாருக்கு இடமில்லை, விதி" என்று தலைவர் திருப்பியனுப்பினார். பையன் பெயர் பிரான்சு லிஸ்ட். பின்னாளில் பியானோவில் ஐரோப்பாவையே ஆட்டிப்படைத்தவன். விதியைக் காட்டிய தலைவர் பெயர் செருபீனி, இத்தாலியில் பிறந்தவர்!

துளைக்கருவியிலேயே நடந்தது இதைவிடக் கசப்பானது. மியூனிச் நகரில் தெயோபால்டு போம் என்று ஒருவர். பொற்கொல்லர் மகன், தாமும் பொற்கொல்லர், குழல் வல்லவர். பழைய புல்லாங்குழலின் குறை அவரை உறுத்தியது. துளைகளை எங்கே இட்டிருந்தார்கள்? ஒலியியல் சொன்ன இடத்திலன்று. மனித விரல் எட்டிய இடத்தில்! அதனால் சில சுரம் தெளிவாகவும் சில சுரம் மங்கலாகவும், சில சற்றே பிசகியும் ஒலித்தன. போம் தலைகீழாக எண்ணினார். துளை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும். எட்டாத விரலுக்கு நெம்புகோலும் மூடியும் அமைப்போம். 1832இல் ஒரு மாதிரி. பின்னர் ஒலியியல் கணக்குகளைப் படித்து, 1847இல் உருளை வடிவான உலோகக் குழல். இன்று உலகெங்கும் மேற்கத்திய இசைக்குழுக்களில் ஊதப்படும் புல்லாங்குழல் அந்த 1847ஆம் ஆண்டுக் குழலின் வழிவந்ததே.

பாரிசுக் கல்லூரி என்ன செய்தது? மறுத்தது! 1839–40இல் ஆராய்ந்து பார்த்தார்கள், வேண்டாமென்றார்கள். அன்றைய புல்லாங்குழல் பேராசிரியர் தூலூ, பெருங் கலைஞர். புதுக்குழலில் பழைய இனிமை இல்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை சிறிது இருந்திருக்கலாம், காதுக்குப் பழக்கம் பெரிதல்லவா? ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: தூலூ பழைய முறைக் குழல்களைச் செய்து விற்கும் பட்டறையொன்றின் பங்காளியும்கூட. தூலூ ஓய்வுபெற்று, 1860இல் தோரூ என்பார் அந்த நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் போம் குழல் வகுப்பறைக்குள் வந்தது. இருபது ஆண்டு மாணவர் பழைய துளைகளோடு மல்லாடினர்.

அதே கட்டடத்தில் அடுத்த அறையில் நிலைமை வேறு. கிளாரினெட் பேராசிரியர் குளோசே, புஃபே என்னும் கருவி செய்வோரோடு சேர்ந்து, போம் கண்ட வளைய விசைகளைத் தம் கருவிக்கு ஏற்றார். 1840களின் தொடக்கத்தில் அது காப்புரிமையும் பெற்றது. உலகின் பெரும்பகுதியில் இன்றும் அதுவே வழக்கு. ஒரே கல்லூரி, ஒரே காலம். ஒருவர் கதவைச் சாத்தினார், ஒருவர் திறந்தார். ஆகவே 'நிறுவனம்' என்று பொதுவாகப் பழிபோடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

சாக்சபோன் கதை இன்னொன்று. பித்தளையால் ஆனதாயினும் நாணல் தகடு அதிர்ந்து ஒலிப்பதால் அதையும் மரத் துளைக்கருவி இனத்திலேயே சேர்ப்பர். அதைப் படைத்த அடோல்ப் சாக்ஸ் 1857 முதல் படைவீரர்க்கு அதை இக்கல்லூரியில் கற்பித்தார். 1870இல் அந்த வகுப்பு மூடப்பட்டது. மீண்டும் திறந்தது 1942இல். எழுபத்திரண்டு ஆண்டு!

பெண்கள்? 1795ஆம் ஆண்டுச் சட்டம் 'இருபாலரும்' என்றது. நடப்பிலோ பெண்களுக்குப் பாட்டும் பியானோவும். காற்றுக்கருவி வகுப்புகள் நெடுங்காலம் ஆண்களின் கோட்டை. கன்னம் உப்பினால் முகத்தின் அழகு கெடுமாம்! இந்த 'அழகு' வாதத்துக்கு விடை ஒரு பெண்ணின் எழுதுகோலிலிருந்து வந்தது. லூயீஸ் ஃபரென்க் 1842 முதல் அங்கே பியானோப் பேராசிரியர்; கணவர் குழல் வாசிப்பவர், இசைநூல் பதிப்பாளர். ஒரே வேலைக்கு ஆண் பேராசிரியரைவிட லூயீசுக்குக் குறைந்த சம்பளம். 1849இல் அவர் ஒன்பது கருவிகளுக்கு ஓர் இசைப்படைப்பு எழுதினார். அதில் நான்கு நரம்புக்கருவிகளுக்கு எதிரே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாசூன், கொம்பு. 1850இல் அது அரங்கேறியது, பாராட்டு குவிந்தது. அந்தச் சூட்டோடு சம ஊதியம் கேட்டார், பெற்றார். பெண் ஊதக்கூடாதென்று சொன்ன கருவிகளை ஊத வேண்டிய சுரங்களை ஒரு பெண் எழுதி, ஆண்கள் அமர்ந்து ஊதினர். 1998இல் சோஃபி ஷெரியே என்னும் அம்மையார் அதே கல்லூரியில் புல்லாங்குழல் பேராசிரியரானார். சட்டத்துக்கும் நாற்காலிக்கும் இடையே இருநூறு ஆண்டு.

இனி, என் வகுப்பைச் சிரிக்கவைத்த அந்த எம்.ஏ.வுக்கு வருகிறேன். கல்லூரி 1990 முதல் பாரிசின் வடகிழக்கில் லா வில்லெத் பகுதியில் இருக்கிறது. பழைய இறைச்சிக்கூடங்கள் இருந்த இடம். ஐரோப்பிய நாடுகள் 1999இல் போலோனா நகரில் கூடி உயர்கல்விப் பட்டங்களை ஒரே அமைப்பில் கொண்டுவர உடன்பட்டன. அதன் பின் இசைக்கல்வியும் அந்த வரிசைக்கு வந்தது. முதற்கட்டம் மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு. நுழைவு போட்டித் தேர்வால். நடுவர் முன் வாசித்துக் காட்டவேண்டும்.

உள்ளே சென்ற மாணவர் என்ன செய்கிறார்? தம் கருவியில் தனிப்பாடம், சிறு குழுவாக வாசிப்பு, பெரிய இசைக்குழுவில் வாசிப்பு, இசையின் அமைப்பைப் பகுத்தாய்தல். ஓபோ, பாசூன் பயில்வோர்க்கு மற்றொரு வேலையும் உண்டு: கத்தி பிடித்தல்! தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளையும் நாணலைப் பிளந்து, குடைந்து, மடித்து, நூல் சுற்றி, முனையைச் சீவிச் சீவித் தம் நாணலைத் தாமே செய்துகொள்கிறார்கள். ஒரு சீவல் கூடினால் கரகரக்கும்; குறைந்தால் ஒலி பிறக்காது. நம் ஊர்ச் சீவாளிக்காரர்க்கு இதன் அருமை தெரியும். அத்தோடு ஓர் ஆய்வேடும் எழுதவேண்டும். வாசித்தால் போதாதா, எழுத்து எதற்கு என்று கேட்பவர் அங்கும் உண்டு. எனக்கு ஐயமில்லை. ஏன் இந்த விரல், ஏன் இந்த மூச்சு என்று கேட்டு, விடையைப் பிறர் படிக்கும்படி எழுதிவைக்கக் கற்றவன், தன் கலையை மகனுக்கு மட்டும் விட்டுச் செல்ல மாட்டான். லெஃபேவ்ரும் ஓசியும் செய்தது அதுதானே!

மறுநாள் வகுப்பில் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. மாலையில் அவனை நிறுத்திச் சொன்னேன். "கிளாரினெட்டுக்கு மட்டும் பத்தொன்பது ஆசிரியரா?" என்று இருமுறை கேட்டான். பிறகு, பிரான்சு கிடக்கட்டும், நம் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலேயே நாதசுர வகுப்பு உண்டு, பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன்.

"தாத்தா கையெழுத்து வேண்டுமா, ஐயா?" என்றான்.

அப்பா கையெழுத்துப் போதும் என்றேன்.